வள்ளி பாடிய பாட்டு எங்கே போனது?

சிவகங்கைப் பக்கத்துக் கிராமம் எங்களுடையது. பங்குனியில் மாரியம்மன் பொங்கலுக்கு மூன்று நாள் நாடகம் வைப்பார்கள். மற்ற இரண்டு நாள் என்ன நாடகம் என்பதில் ஊர்க்கூட்டத்தில் சண்டை வரும். ஒரு நாள் வள்ளி திருமணம் என்பதில் மட்டும் யாருக்கும் மறுபேச்சு கிடையாது. அதைப் போட்டால் மழை பெய்யும், வயசுப் பெண்களுக்கு வரன் அமையும் என்பது நம்பிக்கை. ராத்திரி பத்து மணிக்கு மேல் ஆர்மோனியம் தொடங்கும். முருகன் வள்ளிக்கு மாலை போடும்போது கிழக்கு வெளுத்திருக்கும். ஏழெட்டு வயதிலிருந்தே அப்பத்தாவின் கோரைப்பாயில் ஓர் ஓரத்தில் உட்கார்ந்து, பாதி தூக்கத்திலும் பாதி விழிப்பிலும் நான் பார்த்து வளர்ந்த கதை அது.

இந்த நாடகத்தை ஸ்பெஷல் நாடகம் என்பார்கள். நிரந்தரமான கம்பெனி என்று எதுவும் இல்லை. ராஜபார்ட் ஓர் ஊரிலிருந்து வருவார், ஸ்திரீபார்ட் இன்னோர் ஊரிலிருந்து வருவார், பபூனும் ஆர்மோனியக்காரரும் தனித்தனியாக வந்து சேர்வார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனி பேச்சு, தனித்தனி முன்பணம். ஒத்திகை கிடையாது. கதை எல்லோருக்கும் தெரியும், பாட்டும் தெரியும். பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவில் என்ன பேசுவது என்பது மேடையில் நிற்பவர்கள் சாமர்த்தியம்.

நடுராத்திரியில் தினைப்புனத்துக்கு நாரதர் வருவார். அங்கேதான் தர்க்கம் தொடங்கும். வயசுப் பெண் காட்டில் தனியாக நிற்கலாமா என்பார் அவர். வீணையோடு ஊர் ஊராகச் சுற்றும் ஆண்பிள்ளையை யாராவது அப்படிக் கேட்டார்களா என்பாள் வள்ளி. அப்புறம் பதி, பசு, பாசம் என்று போகும். இலக்கணம் வரும், விடுகதை வரும். சில நாரதர்கள் இரட்டை அர்த்தத்தில் ஒரு வார்த்தையை எறிவார்கள். அதை அவள் பிடித்துத் திருப்பி எறிய வேண்டும். எறிந்துவிட்டால் பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு சிரிப்பு எழும்பும் பாருங்கள், அப்படி ஒரு சிரிப்பை அந்தப் பெண்களிடம் வேறு எந்த நாளிலும் நான் கேட்டதில்லை. இரண்டு மணி நேரம் போகும். பேச்சில் ஒரு பெண் ஓர் ஆணை மடக்குவதை ஊரே உட்கார்ந்து பார்த்த இடம், எனக்குத் தெரிந்து, அது ஒன்றுதான்.

ஒரு விடியற்காலை. நாடகம் முடிந்து வள்ளியாக நடித்தவர் எங்கள் வீட்டு வாசலுக்கு வந்தார். முகத்தில் அரிதாரம் பாதி அழிந்திருந்தது. கொல்லைப்பக்கம் போக வேண்டும், கொஞ்சம் தண்ணீர் வேண்டும் என்று கேட்டார். ராத்திரி முழுக்க அவரைப் பார்த்து "தாயே, தாயே" என்று கன்னத்தில் போட்டுக்கொண்ட அதே அப்பத்தா, திண்ணைக்குக் கீழே இருந்த ஒரு பழைய தகரக் குவளையில் தண்ணீர் மொண்டு தரையில் வைத்தார். நான் அவர் பக்கத்தில் போய் நின்றேன். "அடியே, இங்க வா. கூத்தாடிகிட்ட என்ன பேச்சு உனக்கு?" என்றார் அப்பத்தா. அந்த அம்மா தண்ணீரைக் குடித்துவிட்டுக் குவளையைக் கழுவிக் கவிழ்த்து வைத்தார். "வாரேன் ஆத்தா" என்று சொல்லிவிட்டு வேனை நோக்கி நடந்தார். இரண்டு மணி நேரம் நாரதரை நிற்கவிடாமல் அடித்த வாய், அந்த வாசலில் ஒரு வார்த்தை பேசவில்லை.

அந்தக் குவளையை நான் மறக்கவில்லை. இந்தக் கட்டுரை அதிலிருந்துதான் தொடங்குகிறது.

*

வள்ளி பழையவள். நற்றிணையின் 82ஆம் பாடல், முருகனோடு கூடி உடன் நடந்த வள்ளியை ஒருத்திக்கு உவமையாகச் சொல்கிறது. அந்தப் பாடலில் அவளுக்குக் கிடைத்திருப்பது அந்த ஒரு நடைதான். கச்சியப்ப சிவாச்சாரியார் கந்தபுராணத்தின் கடைசிப் படலத்தில் அவள் கல்யாணத்தை விரித்துப் பாடினார். முருகன் வேடனாக வருவதும், கிழவனாக வருவதும், யானையை விட்டு அவளைப் பயமுறுத்துவதும் அதில் உண்டு. புராணத்தில் அவள் ஆட்கொள்ளப்பட வேண்டிய உயிர். இறைவன் தேடி வருகிறான், உயிர் சேர்கிறது. அங்கே அவள் நிறையப் பேச வேண்டிய தேவையில்லை.

சங்கரதாஸ் சுவாமிகள் (1867-1922) அதை நாடகமாக்கியபோது அவளுக்குப் பேச்சு வந்தது. மேடைக்கு எதிரும்புதிருமாக இரண்டு பேர் வேண்டும். பாட்டுக்குப் பாட்டு, கேள்விக்குப் பதில். தத்துவத்தைச் சொல்வதற்காக அவர் வைத்த இடத்தில், பின்னால் வந்த நடிகைகள் தங்கள் பேச்சைக் கொண்டுவந்து வைத்தார்கள்.

அவருடைய பாய்ஸ் கம்பெனி நாள்களில் வள்ளியாக நின்றவர்கள் சிறுவர்கள். மீசை முளைக்காத பையன்கள் புடவை கட்டிப் பெண்குரலில் பாடினார்கள். அதற்கு முன்பே கும்பகோணத்தில் பாலாமணி அம்மாள் பெண்களை மட்டும் கொண்டு ஒரு நாடகக் கம்பெனி நடத்தினார். ஆண் வேடங்களையும் அங்கே பெண்களே கட்டினார்கள். நாடக வரலாற்று நூல்களில் சங்கரதாஸ் சுவாமிகளுக்கும் பம்மல் சம்பந்த முதலியாருக்கும் இருக்கும் பக்கங்களோடு பாலாமணியின் பக்கங்களை எண்ணிப் பாருங்கள். நம் மாணவிகள் செய்ய வேண்டிய முதல் ஆராய்ச்சி அந்த எண்ணிக்கைதான்.

1920களில் ஸ்பெஷல் நாடக மேடையில் பெண்கள் பெருகினார்கள். கொடுமுடியிலிருந்து வந்த கே.பி. சுந்தராம்பாள் அவர்களில் ஒருவர். அவரும் எஸ்.ஜி. கிட்டப்பாவும் வள்ளியும் வேலனுமாக எதிரெதிரே நின்று பாடியதைப் பற்றி இன்றும் முதியவர்கள், தாங்களே கண்டதுபோலப் பேசுவார்கள். கிட்டப்பாவுக்கு ஏற்கெனவே மணமாகியிருந்தது. 1927இல் இவரையும் மணந்தார். 1933இல் கிட்டப்பா இறந்தபோது சுந்தராம்பாளுக்கு வயது 25. வெள்ளைச் சேலைக்கு மாறினார். இனி எந்த ஆணோடும் ஜோடியாக நடிப்பதில்லை என்று முடிவெடுத்தார். அதோடு வள்ளியும் அவருக்கு முடிந்துபோனாள்.

*

மேடையிலிருந்து திரைக்கு இந்தக் கதை போன வழியைப் பார்ப்போம்.

1931இல் முதல் தமிழ்ப் பேசும்படமான காளிதாஸில் நாயகியாக நடித்தவர் டி.பி. ராஜலட்சுமி. நாடக மேடையில் பாடி வந்தவர். 1933இல் கோயம்புத்தூர் சாமிக்கண்ணு வின்சென்ட், கல்கத்தா பயனீர் கம்பெனியோடு சேர்ந்து எடுத்த வள்ளி திருமணத்தில் வள்ளி அவர்தான். 1936இல் அவரே மிஸ் கமலா என்ற படத்தை இயக்கினார். மேடையில் பதில் சொல்லிப் பழகிய ஒருத்தி, ஐந்தே வருடத்தில் காமிராவுக்குப் பின்னால் போய் நின்றுவிட்டாள்.

சுந்தராம்பாள் 1935இல் பக்த நந்தனார் படத்துக்குச் சம்மதித்தார். அதுவும் கோபாலகிருஷ்ண பாரதியின் பாட்டுகளால் ஊரெல்லாம் தெரிந்திருந்த கதை. ஒரு லட்சம் ரூபாய் சம்பளம். ஆண்களோடு ஜோடியாக நடிப்பதில்லை என்ற முடிவுக்குப் பங்கம் வராமல் நந்தனாராக, ஆணாகவே நடித்தார். வேதியராக வந்தவர் மகாராஜபுரம் விஸ்வநாத ஐயர். ஒரு பிராமண வித்வான் ஒரு நாடகக்காரியின் காலில் விழுவதா என்று அந்த நாளில் பலருக்குப் பொறுக்கவில்லை. திரையில் காலில் விழப்பட்டவர் நந்தனார். அவர்கள் கண்ணுக்குத் தெரிந்தவர் சுந்தராம்பாள். மேடையில் 'தாயே' என்று கும்பிட்டு, வாசலில் தகரக் குவளை வைத்த என் அப்பத்தாவின் கண்ணும் அதே கண்தான்.

அந்தக் காலம் வரை ஒரு விதி இருந்தது. பாடத் தெரிந்தவர்தான் நடிக்க முடியும். குரலும் உடலும் ஒரே ஆளுடையவை. அந்த விதி உடையத் தொடங்கியது 1938இல், ஏ.வி. மெய்யப்பனின் நந்தகுமாரில். அதில் ஒரு நடிகைக்காக லலிதா வெங்கட்ராமன் பாடினார்.

1945இல் மெய்யப்பன் ஸ்ரீ வள்ளி எடுத்தார். முருகன் டி.ஆர். மகாலிங்கம், வள்ளி குமாரி ருக்மணி. ருக்மணி தன் பாட்டுகளைத் தானே பாடித்தான் நடித்தார். மெய்யப்பனுக்கு அந்தக் குரல் திருப்தி தரவில்லை. பி.ஏ. பெரியநாயகியைப் பாட வைத்து, ருக்மணியின் உதட்டசைவுக்குப் பொருத்தி, பழைய குரலை எடுத்துவிட்டுப் புதிய குரலைச் சேர்த்தார்கள். படம் பெரிய வெற்றி. தொழில்நுட்பச் சாதனையாக இதைத் திரை வரலாறுகள் எழுதுகின்றன. சாதனைதான். பெரியநாயகியின் பாட்டும் அருமையானதுதான். ஆனால் வாயாடுவதால் மட்டுமே வள்ளியான ஒருத்தியின் குரலைத்தான் மாற்ற வேண்டியிருந்தது என்பதை நாம் எங்கே எழுதுவது?

*

இந்தப் படத்தை நான் முழுதாகப் பார்த்தது மூன்று வருடங்களுக்கு முன்பு, அம்மாவோடு. அம்மாவுக்குக் கண்புரை அறுவை முடிந்திருந்தது. வீட்டில் அடைபட்டுச் சலித்திருந்தார். இணையத்தில் தேடி, தொலைக்காட்சியில் போட்டேன். கோடு கோடாக இருந்தது. மகாலிங்கம் காட்டில் நின்று பாடத் தொடங்கியதும் அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார். வள்ளியின் பாட்டு வந்தபோது அவரும் கூடவே பாடினார். ஓர் எழுத்து தப்பவில்லை.

நான் திகைத்துப் போனேன். அம்மா பாடி நான் கேட்டதே இல்லை.

அப்புறம்தான் சொன்னார். கல்யாணமாகி வந்த புதிதில் அடுப்படியில் பாடிக்கொண்டே வேலை செய்வாராம். ஒருநாள் தெருவில் போன யாரோ நின்று கேட்டுவிட்டு, "உங்க மருமக நல்லாப் பாடுதே" என்று அப்பத்தாவிடம் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள். அன்று ராத்திரி அப்பத்தா சொன்னது: "இந்த வீட்ல பாட்டுக் கேக்கப்படாது. நாம என்ன கூத்தாடி வம்சமா?" அம்மா அதோடு நிறுத்திவிட்டார். அழவில்லை, சண்டை போடவில்லை, நிறுத்திவிட்டார். எனக்குத் தாலாட்டுகூட அவர் பாடியதில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அமெண்டா வைட்மேன் என்ற மானுடவியலாளர் தென்னிந்தியப் பின்னணிப் பாடல் பற்றி 2021இல் ஒரு நூல் எழுதியிருக்கிறார். பாடும் பெண்ணும் தோன்றும் பெண்ணும் வேறு வேறு ஆளாகப் பிரிக்கப்பட்டதால், மேடையில் முகம் காட்டிப் பாடுவதால் வரும் பழி தொடாமல் ஒரு பெண் பொதுவெளியில் பாட முடிந்தது என்பது அவர் காட்டும் விஷயங்களில் ஒன்று. இதில் கிடைத்ததும் உண்டு, போனதும் உண்டு. பின்னால் எத்தனையோ பெண்கள் பின்னணிப் பாட்டால் பிழைத்தார்கள், புகழடைந்தார்கள். ஆனால் தன் உடம்போடு, தன் முகத்தோடு, தன் குரலில் பாடியவள் இன்னும் கொஞ்சம் கீழே போனாள். குரல் கௌரவமான இடத்துக்குக் குடிபோனது. உடம்பு கூத்தாடியின் உடம்பாகவே நின்றது.

அம்மாவிடம், பாடுவது ருக்மணி இல்லை, பெரியநாயகி என்று சொன்னேன். குரலை மாற்றிய கதையையும் சொன்னேன். அம்மா கொஞ்ச நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப அவ பாடுனது எங்கடி போச்சு?" என்றார்.

பதினெட்டு வருடம் தமிழ் கற்பிக்கிறேன். எனக்குப் பதில் தெரியவில்லை.

*

சென்ற ஆண்டு முதுகலை வகுப்பில் நாடக இலக்கியத் தாளுக்காக இந்தப் படத்தையும், 1961இல் சிவாஜியும் பத்மினியும் நடித்து வண்ணத்தில் வந்த ஸ்ரீ வள்ளியையும் போட்டுக் காட்டினேன். பதினாறு வருடத்துக்கு முன் முருகனாக இருந்த மகாலிங்கம் இந்தப் படத்தில் நாரதராக வருகிறார். படம் முடிந்ததும் ஒரு மாணவி எழுந்தாள்.

"அம்மா, ஒரு பொண்ணு வேண்டாம்னு சொல்றா. அவன் வேஷம் மாத்தி மாத்தி வர்றான். கடைசில யானைய விட்டுப் பயமுறுத்தி சம்மதிக்க வைக்கிறான். இது பின்தொடர்ந்து தொல்லை பண்றதுதானே? இதையா நாம கொண்டாடுறோம்?"

வகுப்பு சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. கேள்வி சரியானது. தெய்வம் என்று சொல்லி அதைத் தள்ளிவிட நான் விரும்பவில்லை. நாம் பார்த்து வளர்ந்த எத்தனையோ தமிழ்ப் படங்களில், விரட்டி விரட்டி வரும் நாயகனிடம் கடைசியில் நாயகி சிரித்துவிடுகிறாள். அந்தக் கதைகளுக்கெல்லாம் இதுவும் ஒரு மூதாதைதான்.

நான் அவளுக்கு எங்கள் ஊர் மேடையில் பார்த்த ஒன்றைச் சொன்னேன். விருத்தனாக வந்தவர் தாகத்துக்குத் தண்ணீர் கேட்டு, கொடுத்த கையைப் பிடித்தார். ஸ்திரீபார்ட் கையை உதறிவிட்டு அவரைப் பார்க்கவில்லை. கூட்டத்தில் ஆண்கள் உட்கார்ந்திருந்த பக்கம் திரும்பினார். "தண்ணி குடுத்தா கையப் பிடிக்கிறது இந்தக் கிழவன் மட்டுமா? ஊருக்குள்ள எத்தன கிழவன் இருக்கீக? கையத் தூக்குங்க" என்றார். ஆண்கள் பக்கம் அப்படியே அடங்கிப் போனது. பெண்கள் பக்கம் அதிர்ந்தது. என் அப்பத்தா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். அது சங்கரதாஸ் சுவாமிகள் எழுதிய வசனம் அல்ல. அன்றைக்கு, அந்த ஊரில், அந்தக் கையைப் பார்த்து வந்த வசனம்.

கதையின் முடிவை அவரால் மாற்ற முடியாது. விடிந்தால் கல்யாணம்தான். அந்த முடிவுக்குப் போகும் வழியில் என்ன சொல்லிக்கொண்டு போவது என்பது மட்டும் அவர் கையில் இருந்தது. திரைக்குப் போனபோது அவர் கையைவிட்டுப் போனது அதுதான். படத்துக்கு எழுதிய வசனம் ஒன்று, வெட்டிச் சேர்த்த நீளம் ஒன்று. எந்த ஊரில் போட்டாலும், எத்தனை முறை போட்டாலும், வள்ளி அதே வார்த்தையைச் சொல்லி, அதே இடத்தில் பயந்து, அதே இடத்தில் தோற்கிறாள். முன்வரிசையில் எவன் உட்கார்ந்திருக்கிறான் என்று அவளுக்குத் தெரியாது.

"அப்ப படமே வேண்டாமாம்மா?" என்றாள் அந்த மாணவி.

அப்படி நான் சொல்லவில்லை. படம் இல்லாவிட்டால் என் அம்மா கூடப் பாடியிருக்க மாட்டார். மேடையைக் காப்பாற்றிவிட்டால் போதும் என்றும் சொல்லவில்லை. அந்த மேடையின் பின்னால் தகரக் குவளை இருக்கிறது. சூசன் சைசர் என்ற அமெரிக்க ஆய்வாளர் மதுரைப் பக்கத்து ஸ்பெஷல் நாடக நடிகைகளோடு பழகி 2005இல் ஒரு நூல் எழுதினார். ராத்திரி ஊருக்கு ஊர் போகும்போது வேனுக்குள் அடங்கி உட்கார்ந்து, யார் கண்ணிலும் படாமல், 'நல்ல குடும்பத்துப் பெண்' என்ற பெயரை அவர்கள் எப்படி ஒவ்வொரு பயணத்திலும் காத்துக்கொள்ளப் பாடுபடுகிறார்கள் என்று அதில் விரிவாகச் சொல்கிறார். மேடையில் ஊரையே கேள்வி கேட்கும் பெண், சாலையில் தன்னை மறைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. இரண்டும் ஒரே ராத்திரியில் நடக்கின்றன.

*

இந்தப் பங்குனியில் அந்த மாணவியையும் இன்னும் நான்கு பேரையும் ஊருக்கு அழைத்துப் போனேன். அப்பத்தா இறந்து பல வருடமாகிறது. அம்மா வரவில்லை, முட்டிவலி. நாடகம் தொடங்குமுன் கொட்டகைக்குப் பின்னால் அரிதாரம் பூசிக்கொண்டிருந்த ஸ்திரீபார்ட் அம்மாவிடம், தர்க்கத்தைக் கைபேசியில் பதிவு செய்யலாமா என்று கேட்டோம். ஐம்பதை ஒட்டிய வயது. கண்ணாடியிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டார்:

"எடுத்து என்ன செய்வீக?"

பாடத்துக்கு, ஆராய்ச்சிக்கு என்றேன்.

"எல்லாரும் அப்படித்தான் சொல்றாக. அப்புறம் பபூன் இடிக்கிறதையும் டான்ஸ்காரப் பிள்ள குனியறதையும் ரெண்டு நிமிசம் வெட்டிப் போடுறாக. கீழ எவன் எவனோ எழுதுறான். எம் மகன் வேல பாக்குற இடத்துல அதக் காட்டிச் சிரிச்சிருக்கானுக. ரெண்டு மணி நேரம் நான் பேசுறத ஒருத்தரும் போடுறதில்ல."

பொட்டை வைத்துக்கொண்டு எங்கள் பக்கம் திரும்பினார். "எடுத்தா முழுசா எடுங்க. நடுவுல வெட்டக் கூடாது. போடுறதா இருந்தா எனக்குச் சொல்லிட்டுப் போடணும்."

சம்மதித்தோம். அன்று தர்க்கம் இரண்டு மணி நேரம் பத்து நிமிடம் நடந்தது. இரண்டு கைபேசிகள் சார்ஜ் தீர்ந்து அணைந்தன. மூன்றாவதில் கடைசிவரை பிடித்தோம். விடிந்ததும் அவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். அம்மா அவரை உள்ளே அழைத்து நாற்காலியில் உட்கார வைத்து, நாங்கள் குடிக்கும் டம்ளரிலேயே காப்பி கொடுத்தார். பதிவைக் கொஞ்சம் போட்டுக் காட்டினோம். தன் குரலைத் தானே கேட்டுக்கொண்டு, "இந்த எடத்துல இன்னும் நல்லா ஒன்னு சொல்லியிருக்கலாம்" என்றார். அம்மா, "இதுக்கு மேலயா?" என்று சிரித்தார்.

மாணவிகள் இப்போது அதை எழுத்தில் பெயர்த்துக்கொண்டிருக்கிறார்கள். அவர் பெயரைப் போட்டு, அவர் படித்துப் பார்த்துச் சரி என்று சொன்ன பிறகுதான் வெளியிடுவதாக ஒப்பந்தம். ருக்மணி பாடியது எங்கே போனது என்ற கேள்விக்கு இன்னும் என்னிடம் பதில் இல்லை. இந்த அம்மா பேசியது எங்கே இருக்கிறது என்று நாளை யாராவது கேட்டால் எடுத்துக் காட்ட, ஒரு வெட்டும் விழாத பதிவு இருக்கிறது.